செமஸ்டர் அழுத்தத்தைக் கையாள்வது எப்படி? சேலத்துக் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மாடல் எக்ஸாம் தேதியை நோட்டீஸ் போர்டில் ஒட்டிய நாளிலிருந்து வகுப்பில் முகங்கள் மாறத் தொடங்கும். ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்க ஒரு வரிசை. அட்டெண்டன்ஸ் 75 சதவீதத்தைத் தொடவில்லை என்று துறைத் தலைவர் அறை வாசலில் ஒரு கூட்டம். போன செமஸ்டர் அரியரையும் சேர்த்து எழுத வேண்டியவர்கள் யாரிடமும் பேசாமல் கடைசி பெஞ்சில். சேலத்தில் மாணவர்களோடு பல வருடங்களாக இருப்பவன் என்ற முறையில் இதை ஒவ்வொரு செமஸ்டரும் பார்க்கிறேன்.

"டென்ஷனா இருக்கு சார், என்ன பண்றது?" என்று கேட்கிற பிள்ளைக்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில்கள் மூன்று: யோகா செய், கவலைப்படாதே, ரெண்டு நாள் ஏற்காடு போய்விட்டு வா. சொல்பவர்கள் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் எப்படிச் செய்வது, எவ்வளவு நேரம், எப்போது, பலன் தெரியவில்லை என்றால் அடுத்து என்ன என்பதை யாரும் சொல்வதில்லை. அதைத்தான் இங்கே வரிசையாகச் சொல்லப் போகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு விஷயம். இந்த முறைகள் எதையும் பரீட்சைக்கு முந்தின இரவில் ஆரம்பிக்காதீர்கள். வகுப்பு சாதாரணமாக ஓடிக்கொண்டிருக்கும் வாரங்களில், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் எடுத்து, ஒரு வாரம் உங்கள் உடம்பிலேயே சோதித்துப் பாருங்கள். ஒத்து வருவதை வைத்துக்கொள்ளுங்கள், வராததை விட்டுவிடுங்கள். ஒரே நாளில் ஐந்தை ஆரம்பித்தால் எது உதவியது என்று தெரியாது. நாலாம் நாள் ஐந்தும் நின்றுபோகும்.

முதல் வாரம்: எதையும் மாற்றாமல் கவனியுங்கள்

ஒரு சின்ன நோட்டு, இல்லையென்றால் போனிலேயே ஒரு பக்கம். மனசு இறுகுகிற நேரத்தில் ஐந்து விஷயங்களைக் குறியுங்கள்: நேரம், இடம், உடம்பில் எங்கே தெரிகிறது, அதற்கு முன் என்ன நடந்தது, 0 முதல் 10 வரை எவ்வளவு. ஒரு குறிப்பு இப்படி இருக்கலாம்:

"செவ்வாய், மாலை 5.40, பழைய பஸ் ஸ்டாண்டு. தோள் இறுக்கம், வயிறு ஒரு மாதிரி. மதியம் சாப்பிடல. கிளாஸ் குரூப்ல இன்டர்னல் மார்க் வந்துச்சு. 7."

இவ்வளவு போதும். ஒரு வாரம் எழுதினால் உங்களுக்கே ஒரு ஒழுங்கு பிடிபடும். சிலருக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான் மோசமான நேரம். சிலருக்கு வகுப்பு வாட்ஸ்அப் குரூப். ஆத்தூர், எடப்பாடி, மேட்டூர் பக்கமிருந்து காலை ஆறரை மணிக்கே காலேஜ் பஸ் பிடிப்பவர்களில் பலர் டிபன் சாப்பிடாமல் ஓடி வருகிறவர்கள். பதினோரு மணிக்கு வரும் படபடப்பில் பசியின் பங்கு எவ்வளவு என்று எழுதிப் பார்க்கும்போதுதான் தெரியும். அவர்களுக்கு முதல் மருந்து டப்பாவில் இரண்டு இட்லி.

உடம்பில் என்ன நடக்கிறது என்பதைச் சுருக்கமாகத் தெரிந்துகொள்ளுங்கள். ஆபத்து என்று மூளை முடிவு செய்ததும் அட்ரினலின் சுரந்து இதயம் வேகமாக அடிக்கிறது, தசை இறுகுகிறது, செரிமானம் மெதுவாகிறது. கூடவே கார்டிசால் என்ற ஹார்மோனும் ஏறுகிறது. எதிரில் நிற்பது பாம்பா, வைவா கேட்கும் எக்ஸ்டர்னலா என்று உடம்புக்கு வித்தியாசம் கிடையாது. கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டால் இதில் கெடுதல் இல்லை, பரீட்சைக்குக் கொஞ்சம் பதற்றம் தேவையும்கூட. வாரக்கணக்கில் அடங்காமல் இருப்பதுதான் தூக்கத்தையும் ஞாபகத்தையும் கெடுக்கிறது.

இரண்டாவது: கவலைகளை இரண்டாகப் பிரியுங்கள்

இந்தப் படியைத் தாண்டிவிட்டு நேராக மூச்சுப் பயிற்சிக்குப் போகிறவர்கள்தான் "எதுவும் வேலை செய்யல" என்று திரும்பி வருகிறார்கள். பீஸ் கட்டாத கவலை எத்தனை மூச்சு விட்டாலும் போகாது.

ஒரு தாளை நடுவில் மடித்து, இடது பக்கம் ஏதாவது செய்ய முடிகிற கவலைகளை எழுதுங்கள். வலது பக்கம், இன்றைக்கு நீங்கள் எதுவும் செய்ய முடியாதவை. இடது பக்கம் உள்ள ஒவ்வொன்றுக்கும் எதிரே யாரைப் பார்க்க வேண்டும், என்றைக்குள் என்று இரண்டே சொற்கள்.

அட்டெண்டன்ஸ் குறைகிறதா? பட்டியல் போனபிறகு கெஞ்சுவதைவிட, 75-க்குக் கீழே இறங்கும்போதே மருத்துவச் சான்றிதழோடு வகுப்பு ஆசிரியரைப் பாருங்கள். அரியரா? மறுமதிப்பீட்டுக்கும் விடைத்தாள் நகலுக்கும் கடைசித் தேதி ரிசல்ட் வந்த சில நாட்களிலேயே முடிந்துவிடும். முதல் நாள் அழுதாலும் இரண்டாம் நாள் அந்தத் தேதியைக் குறித்து வையுங்கள். பீஸ் கட்ட முடியவில்லையா? தவணை கேட்டுக் கடிதமாக எழுதிக் கொடுங்கள், வாய்வார்த்தையாகக் கேட்காதீர்கள். வீட்டிலேயே முதல் பட்டதாரி நீங்கள்தான் என்றால் அதற்கான சலுகை உங்களுக்குப் பொருந்துமா, கல்வி உதவித்தொகைப் புதுப்பித்தல் எந்த நிலையில் இருக்கிறது என்று அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். கேட்கக் கூச்சப்பட்டே உதவித்தொகையை விட்டவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பணம் உங்களுக்குரியது.

வலது பக்கத்தில் வருபவை வேறு மாதிரி. அப்பாவுக்குத் தறி வேலை குறைந்திருக்கிறது, அக்கா கல்யாணக் கடன், பிளேஸ்மென்ட்டுக்கு இந்த வருடம் எத்தனை கம்பெனி வரும் என்ற கேள்வி, பேசாமல் போன நண்பன். இவற்றை இன்று மாலைக்குள் தீர்க்க முடியாது. சுமந்துகொண்டே படிக்க வேண்டும். இனி வரும் பயிற்சிகள் அந்தச் சுமைக்கானவை.

மூன்றாவது: மூச்சு

முதலில் ஒரு சோதனை. இடது மணிக்கட்டில், கட்டை விரலுக்கு நேர் கீழே, வலது கையின் இரண்டு விரல்களை வைத்து நாடியைப் பிடியுங்கள். மெதுவாக மூச்சை இழுங்கள், அதைவிட மெதுவாக விடுங்கள். இழுக்கும்போது நாடி சற்று வேகமாகவும், விடும்போது சற்று நிதானமாகவும் அடிப்பது பலருக்கு விரலிலேயே தெரியும். மூளையிலிருந்து இதயத்துக்கு இறங்கும் வேகஸ் நரம்பு மூச்சு விடும் நேரத்தில் இதயத்தின் வேகத்தைக் குறைக்கிறது. ஆகவே விடும் மூச்சை நீளமாக்கினால் இதயம் நிதானப்படும். மூச்சுப் பயிற்சியை நம்பாத இன்ஜினியரிங் பிள்ளைகளுக்கு நான் இதைத்தான் முதலில் செய்து காட்டுவேன். தன் விரலுக்குக் கீழே நடப்பதை யாரும் மறுக்க முடியாது.

இனி செய்முறை. முதுகு சாய்ந்து உட்காருங்கள். ஒரு கையை வயிற்றில் வையுங்கள். மூக்கு வழியாக நாலு எண்ணும் வரை இழுங்கள். வயிறு எழ வேண்டும், தோள் எழக்கூடாது. ஆறு எண்ணும் வரை விடுங்கள். ஒரு மூச்சுக்கு பத்து விநாடி, நிமிடத்துக்கு ஆறு மூச்சு. ஐந்து நிமிடம் செய்யுங்கள். காலை ஒரு முறை, மாலை ஒரு முறை.

தலை சுற்றினால் அளவுக்கு மீறி இழுக்கிறீர்கள் என்று பொருள். நிறுத்திவிட்டுச் சாதாரணமாக மூச்சு விடுங்கள், அடுத்த முறை மூன்றுக்கு நாலாகக் குறையுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் மூச்சை அடக்கும் பயிற்சிகள் பக்கம் போக வேண்டாம். இந்த முறையில் அடக்குவது எங்குமே இல்லை. பள்ளியில் நாடிசுத்தி (ஒரு மூக்குத் துளையில் இழுத்து மறு துளையில் விடுவது) கற்றவர்கள் அதையே தொடரலாம்.

சிலருக்குக் கண்ணை மூடி மூச்சைக் கவனித்தாலே படபடப்பு கூடும். அது உங்கள் குறை இல்லை. கண்ணைத் திறந்து வைத்து, ஜன்னலுக்கு வெளியே ஏதாவது ஒன்றைப் பார்த்தபடி செய்யுங்கள். அப்போதும் பிடிக்கவில்லை என்றால் இதை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போங்கள்.

ஒவ்வொரு முறையும் மனசு எவ்வளவு இறுகியிருக்கிறது என்று 0 முதல் 10 வரை தொடங்கும்முன் ஒரு எண், முடித்தபின் ஒரு எண் குறியுங்கள். வாரக் கடைசியில் பெரும்பாலான நாட்களில் இரண்டாவது குறைந்திருந்தால் இது உங்களுக்கானது. இந்த எண் போடும் வேலையை எல்லாப் பயிற்சிக்கும் செய்யுங்கள்.

நான்காவது: தசையை இறுக்கி விடுவது

எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் உருவாக்கி, 1929-இல் நூலாகவே எழுதிய முறை இது. தசை இறுகி இருப்பதே பல நேரம் நமக்குத் தெரிவதில்லை. வேண்டுமென்றே இறுக்கிவிட்டுத் தளர்த்தும்போதுதான் வித்தியாசம் தெரியும். மெல்ல மெல்ல உடம்பு தளரக் கற்றுக்கொள்ளும்.

ஹாஸ்டல் கட்டிலில் மல்லாந்து படுத்துக்கொண்டு செய்வது எளிது. முஷ்டியை ஐந்து விநாடி நன்றாக இறுக்குங்கள், சட்டென்று விடுங்கள், இருபது விநாடி சும்மா இருங்கள். அப்புறம் மேல்கை. பிறகு நெற்றியும் கண்ணும், தாடை, தோள் (காது வரை தூக்கி), வயிறு, தொடை, கெண்டைக்கால், பாதம். கெண்டைக்காலைப் பாதி பலத்தோடு இறுக்கினால் போதும், அதற்கு மேல் போனால் பிடித்துக்கொள்ளும். முழுச் சுற்றுக்கு நாலைந்து நிமிடம் ஆகும். பாதியில் தூங்கிவிட்டால் அதுவும் நல்லதே.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் அங்கேயும் ஒரு குறுக்குவழி உண்டு. மடியில் உள்ள பையின் பட்டையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து விடுங்கள், ஷூவுக்குள் கால்விரல்களை மடக்கி விடுங்கள், தோளைத் தூக்கி இறக்குங்கள். பக்கத்து சீட்டுக்காரருக்குத் தெரியவே தெரியாது. ஓமலூரிலிருந்து ஐந்து ரோடு வருவதற்குள் பல சுற்று செய்துவிடலாம்.

ஐந்தாவது: தூக்கம்

எல்லாப் பயிற்சியிலும் இதுதான் பெரியது, இதைத்தான் முதலில் வெட்டுகிறோம். 18 முதல் 25 வயது வரை உள்ளவர்களுக்கு ஒரு நாளைக்கு 7 முதல் 9 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது பொதுவான பரிந்துரை. பகலில் படித்ததை மூளை உறுதிப்படுத்திக்கொள்வதில் தூக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. விடிய விடிய படித்துவிட்டு அப்படியே ஹாலுக்குப் போவது, எழுதிய அசைன்மெண்ட்டைச் சேமிக்காமல் கம்ப்யூட்டரை அணைப்பது மாதிரி.

எழும் நேரத்தை முதலில் பிடியுங்கள், படுக்கும் நேரத்தை அல்ல. காலை ஆறு என்றால் ஞாயிற்றுக்கிழமையும் ஆறு, அதிகம் போனால் ஏழு. ஒரு வாரத்தில் இரவுத் தூக்கம் தானாக முன்னால் நகரும்.

டீ, காபி விஷயத்தில் கணக்கு எளிது. உடம்பில் சேர்ந்த கஃபீனில் பாதி கழிவதற்கே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். சாயங்காலம் ஆறு மணிக்குப் பஜ்ஜியோடு குடித்த ஸ்ட்ராங் டீயின் பாதி, இரவு பதினோரு மணிக்கும் உள்ளே இருக்கிறது. நாலு மணிக்குமேல் டீக்கடைக்கு நண்பர்களோடு போங்கள், தட்டுவடை செட் சாப்பிடுங்கள், டீயை மட்டும் விட்டுவிடுங்கள்.

போன் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கக்கூடாது. "அலாரம் வைக்கணுமே" என்பீர்கள். அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள். காலையில் அணைக்க எழுந்து போக வேண்டியிருப்பது இன்னொரு லாபம். படுத்து இருபது நிமிடம் ஆகியும் தூக்கம் வரவில்லை என்று தோன்றினால் புரண்டுகொண்டே கிடக்காமல் எழுந்து உட்காருங்கள், மங்கலான வெளிச்சத்தில் பாடப் புத்தகம் அல்லாத எதையாவது படித்துவிட்டு, கண் சொக்கும்போது திரும்பப் படுங்கள்.

அம்மாப்பேட்டை, குகை பக்கம் தறிச் சத்தத்துக்கு நடுவில் இருப்பவர்களுக்கு இந்த அறிவுரைகள் எல்லாம் அப்படியே பொருந்தாது. விசைத்தறி ஓடுகிற வீட்டில் எப்போது தூங்குவது என்பதைத் தறி முடிவு செய்யும். என்னிடம் படித்த ஒரு பையன் வீட்டில் பேசி ஒரு ஏற்பாடு செய்துகொண்டான். ராத்திரி சத்தத்தில் படிக்க முயல்வதை விட்டுவிட்டு, ஒன்பது மணிக்கே காதில் பஞ்சு வைத்துக்கொண்டு மொட்டை மாடியில் படுத்துவிடுவான். தறி நின்றிருக்கும் விடியற்காலை நாலரைக்கு எழுந்து படிப்பான். ஏப்ரல், மே மாதச் சேலத்து வெயிலுக்கும் மொட்டை மாடிதான் சரி. சாயங்காலமே தரையில் தண்ணீர் ஊற்றி வைத்தால் படுக்கும்போது சூடு இறங்கியிருக்கும்.

தினமும் அதிகாலை எழுந்து பஸ் பிடிப்பவர்கள் பஸ்ஸிலேயே இருபது நிமிடம் தூங்குங்கள், தப்பில்லை. மாலையில் வீட்டுக்குப் போய் இரண்டு மணி நேரம் தூங்குவதுதான் ராத்திரியைக் கெடுக்கும்.

ஆறாவது: நடை

பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஐந்து நாள், அரை மணி நேரம் வேக நடை என்றால் கணக்கு முடிந்தது. பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் வேகம் சரி.

இடத்துக்குப் பஞ்சமில்லை. காந்தி ஸ்டேடியம் பக்கத்தில் இருப்பவர்கள் அங்கே போகலாம். கன்னங்குறிச்சிப் பக்கம் இருந்தால் மூக்கனேரி. ஊர்க்காரர்கள் சேர்ந்து தூர்வாரி, ஏரிக்குள் மண் திட்டுகள் போட்டு மரம் நட்டு மீட்டெடுத்த ஏரி அது. காலையில் கரையில் நின்றால் எதிரே சேர்வராயன் மலை, திட்டு மரங்களில் நீர்க்காகங்களும் கொக்குகளும். காதில் இயர்போன் இல்லாமல் ஒரு நாள் நடந்து பாருங்கள். நேரமே இல்லை என்பவர்கள் இரண்டு ஸ்டாப் முன்னால் இறங்கி நடக்கலாம்.

இனி, எல்லோரும் சொல்லும் ஏற்காடு. சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர், ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி முடித்தால் ஏழெட்டு டிகிரி குளிர்ச்சி. தலை லேசாவது உண்மைதான்.

ஆனாலும் பரீட்சைக்கு முந்தின வாரம், தொடாத மூன்று யூனிட்டைப் பையில் வைத்துக்கொண்டு மலையேறாதீர்கள். அங்கே போயும் அதே நினைப்புதான் இருக்கும், இறங்கும்போது போன நேரத்தின் குற்ற உணர்ச்சியும் சேரும். கடைசித் தேர்வு முடிந்த பிறகோ, இன்டர்னலுக்கும் அடுத்த வேலைக்கும் நடுவில் கிடைக்கும் சனிக்கிழமையிலோ போங்கள். மே மாதக் கோடை விழாக் கூட்டத்தைத் தவிர்த்துவிடுங்கள். பைக்கில் போட்டி போட்டுக்கொண்டு ஏறுவதைவிடப் பஸ்ஸில் போவது மேல்; வளைவுகளில் நடந்த விபத்துச் செய்திகளைப் படித்துப் படித்துச் சொல்கிறேன். ஏரிக்கரைக் கடைகளில் நின்றுவிடாமல், காபித் தோட்டங்களை ஒட்டிய சாலையில் இறங்கி நடங்கள். சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி ஏறியிருக்கும், அதன் நிழலில் காபிச் செடி. அந்த நிழலில் ஒரு மணி நேரம் அவசரமில்லாமல் நடப்பதற்காகத்தான் மலைக்கு வந்திருக்கிறீர்கள். வெளிச்சம் இருக்கும்போதே கீழே இறங்கிவிடுங்கள்.

ஏழாவது: எழுதி இறக்கி வைப்பது

ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980-களில் கல்லூரி மாணவர்களை வைத்தே சோதித்த முறை. மனதை அழுத்தும் ஒரு விஷயத்தைப் பற்றித் தொடர்ந்து மூன்று நான்கு நாட்கள், ஒவ்வொரு நாளும் 15 முதல் 20 நிமிடம், நிறுத்தாமல் எழுத வேண்டும். என்ன நடந்தது என்பதோடு அதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள், எப்படி வலிக்கிறது என்பதையும். எழுத்துப் பிழை, இலக்கணம் பார்க்க வேண்டாம். எழுதி முடித்ததும் சிறிது நேரம் மனசு கனமாக இருப்பது இயல்பு, ஒன்றிரண்டு மணி நேரத்தில் தணியும். நாளுக்கு நாள் மோசமானால் நிறுத்திவிடுங்கள்.

தனி அறை இல்லாத வீட்டில் யாராவது படித்துவிடுவார்கள் என்ற பயம் நியாயமானது. லைப்ரரியில் உட்கார்ந்து எழுதிக் கிழித்துப் போட்டுவிடுங்கள். வைத்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

எட்டாவது: படிக்கும் முறையை மாற்றுவது

பரீட்சைப் பயத்தில் பெரும்பங்கு "ஹாலில் ஞாபகம் வருமா" என்பது. அதற்கு மூச்சுப் பயிற்சியைவிட நல்ல வைத்தியம், வீட்டிலேயே ஞாபகப்படுத்திப் பார்ப்பது. திரும்பத் திரும்பப் படிப்பதைவிட, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பது நீண்ட நாள் நினைவில் நிற்க உதவுகிறது என்று ரோடிகர், கார்பிக் என்ற இருவர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள்.

ஆக, ஒரு யூனிட் முடித்ததும் பழைய கேள்வித்தாளை எடுங்கள். அண்ணா பல்கலைக்கழகத் தாளில் பத்து இரண்டு மதிப்பெண் கேள்விகள், ஐந்து பதின்மூன்று மதிப்பெண் கேள்விகள், ஒரு பதினைந்து மதிப்பெண் கேள்வி. முதலில் அந்த இரண்டு மதிப்பெண் கேள்விகளை மட்டும் மூடிய புத்தகத்தோடு எழுதுங்கள். தப்பாக வந்ததைக் குறித்து, அதை மட்டும் மறுநாள் மீண்டும். பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் கலை அறிவியல் படிப்பவர்கள் தங்கள் தாளின் அமைப்புக்கு ஏற்ப இதையே செய்யலாம்.

உட்காரவே மனசு வராதவர்களுக்கு 25 நிமிடம் படிப்பு, 5 நிமிடம் இடைவெளி என்ற முறை. இடைவெளியில் போனைத் தொடாமல் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். ஒரு ரீல்ஸ் பார்த்தால் ஐந்து நிமிடம் அரை மணி நேரமாகிவிடும்.

ஒன்பதாவது: வீட்டில் சொல்வது

பல பிள்ளைகளுக்கு அரியரைவிடப் பெரிய பாரம் அதை மறைத்து வைத்திருப்பது. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம், கொலுசுப் பட்டறைக்கு வீட்டிலிருந்தே வேலை செய்து கொடுக்கும் ஒரு அம்மாவின் மகள், இரண்டு பேப்பர் போனதை ஒரு செமஸ்டர் முழுக்கச் சொல்லாமல் இருந்தாள். ரிசல்ட் பற்றி யாராவது பேசினால் எழுந்து வெளியே போய்விடுவாளாம். கடைசியில் அம்மா கண்ணி கோத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து, தானும் நாலு கண்ணி கோத்துக்கொண்டே சொன்னாளாம்.

"அம்மா, ஒன்னு சொல்லணும். முழுசாக் கேட்டுட்டு அப்புறம் திட்டு."

"என்ன கண்ணு?"

"போன செமஸ்டர்ல ரெண்டு பேப்பர் போயிருச்சும்மா. இந்தத் தடவை சேர்த்து எழுதறேன். பணம் கட்டிட்டேன். ஒன்னுக்குப் படிச்சு முடிச்சாச்சு, இன்னொன்னுக்கு மேடம் சனிக்கிழமை சொல்லித் தர்றாங்க."

அம்மா கை நிற்கவில்லையாம். கொஞ்ச நேரம் கழித்து, "இதுக்குத்தான் சோறு இறங்காம கெடந்தியா?" என்று கேட்டாராம். அப்பாவிடம் தானே சொல்வதாகவும் சொல்லியிருக்கிறார்.

அவள் செய்ததில் கவனிக்க வேண்டியவை இருக்கின்றன. யாராவது விருந்தாளி இருக்கும்போதோ சாப்பாட்டு நேரத்திலோ சொல்லவில்லை. வீட்டில் யார் முதலில் கேட்பார்களோ அவரிடம் சொன்னாள். முகத்துக்கு முகம் பார்க்காமல், கை வேலையோடு பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள். கெட்ட செய்தியோடு என்ன ஏற்பாடு செய்திருக்கிறேன் என்பதையும் சேர்த்தே சொன்னாள். எல்லா வீட்டிலும் இவ்வளவு சுமுகமாகப் போகாது என்பது எனக்குத் தெரியும். கோபக்கார அப்பா என்றால் முதலில் மாமாவிடமோ சித்தியிடமோ சொல்லி, அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். அடிக்குப் பயப்பட வேண்டிய வீடு என்றால் ஆசிரியரிடம் வாருங்கள். வீட்டுக்குப் போன் செய்து பேசும் ஆசிரியர் எல்லாக் கல்லூரியிலும் ஒருவராவது இருப்பார்.

பரீட்சை நாள்

புதிதாக எதையும் செய்யாதீர்கள். சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். ஹால் வாசலில் "நீ அதைப் படிச்சியா, இதைப் படிச்சியா" என்று கேட்கும் கூட்டத்திலிருந்து தள்ளி நில்லுங்கள். கேள்வித்தாள் வாங்கியதும் ஆறு நீள மூச்சு, அது ஒரு நிமிடம்தான். தெரிந்த கேள்வியில் தொடங்குங்கள். முடிந்து வெளியே வந்ததும் விடையைச் சரிபார்க்க நிற்காமல் கிளம்பிவிடுங்கள், அடுத்த பேப்பருக்கு அந்த மனசு வேண்டும்.

இவையெல்லாம் போதாதபோது

மேலே சொன்ன முறைகளுக்கு ஒரு எல்லை உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் மனசு இருண்டே இருக்கிறது, பிடித்த எதிலும் ஈடுபாடு இல்லை, தூக்கமோ பசியோ அடியோடு மாறிவிட்டது, திடீர் திடீரென்று நெஞ்சு அடைத்து மூச்சு முட்டுகிறது, குடிப்பழக்கம் கூடுகிறது என்றால் பயிற்சிகளை மட்டும் நம்பி நாளைக் கடத்தாதீர்கள். செத்துப் போகலாம் என்ற நினைப்பு வந்தால் இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே பேச வேண்டும்.

14416 என்ற எண்ணில் அரசின் டெலி மானஸ் மனநலச் சேவை 24 மணி நேரமும் இயங்குகிறது. கட்டணம் கிடையாது, தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104 மருத்துவ உதவி எண்ணிலும் மனநல ஆலோசனை கிடைக்கும். என்ன பேசுவது என்று தெரியாவிட்டால், "நான் காலேஜ் ஸ்டூடண்ட், கொஞ்ச நாளா தூங்க முடியல, யார்கிட்டயும் சொல்லல" என்று தொடங்கினால் போதும், மீதியை அவர்கள் கேட்பார்கள். நேரில் பார்க்க வேண்டும் என்றால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. காலையில் போய் வெளிநோயாளி சீட்டு வாங்கும்போது மனநலப் பிரிவு என்று சொல்லுங்கள். காய்ச்சலுக்குப் போவதைப் போலத்தான் அங்கே எல்லோரும் வருகிறார்கள்.

மருத்துவர் மாத்திரை எழுதினால் சில விஷயங்களை அங்கேயே கேட்டுவிடுங்கள்: எத்தனை நாளில் பலன் தெரியும், தூக்கம் வருமா, பரீட்சைத் தேதி இது, அதற்கேற்ப எந்த நேரத்தில் போடுவது. மனச்சோர்வுக்கான மாத்திரைகள் பலவும் வேலை செய்யச் சில வாரங்கள் எடுக்கும். நாலு நாளில் ஒன்றும் தெரியவில்லை என்று நிறுத்துவதும், நன்றாகிவிட்டது என்று நீங்களாகவே நிறுத்துவதும் கூடாது.

இதைப் படிப்பது உங்களுக்காக இல்லாமல், ரூம் மேட்டுக்காகவும் இருக்கலாம். அவன் "இனிமே நான் யாருக்கும் பாரமா இருக்க மாட்டேன்" என்பது போல் பேசினால், பிடித்த பொருட்களை எடுத்துக் கொடுக்கத் தொடங்கினால், நேராகவே கேளுங்கள்: "சாகணும்னு தோணுதாடா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது; கேட்க ஒருவர் இருக்கிறார் என்பதே பலருக்குப் பேச வழி திறக்கும். அறிவுரை சொல்ல வேண்டாம், திட்ட வேண்டாம். அவனைத் தனியே விட்டுவிட்டு உதவி தேடி ஓடாமல், பக்கத்தில் இருந்தபடியே 14416-க்கு அழையுங்கள், வார்டனுக்கோ ஆசிரியருக்கோ வீட்டில் ஒருவருக்கோ உடனே தெரியப்படுத்துங்கள். "யார்கிட்டயும் சொல்லாதே" என்று சத்தியம் வாங்கியிருந்தாலும் சொல்லுங்கள். மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கூடவே போய், டாக்டர் அறை வாசல் வரை இருங்கள்.